கூண்டு வைப்பதற்குப் பேர் நிர்வாகமா?

மும்பையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு சிறுத்தை கண்ணில் பட்டால் வரிசையாக மூன்று விஷயங்கள் நடக்கும். முதலில் சிசிடிவி படம் எல்லோர் போனுக்கும் வரும். அடுத்து உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் ஒருவர் டிவி மைக் முன்னால் நின்று வனத்துறையைத் திட்டுவார். கடைசியாக "கூண்டு வை" என்ற கோஷம். கூண்டு வந்து இறங்கியதும் ஊரே நிம்மதியாகத் தூங்கப் போய்விடும். கூண்டில் மாட்டிய மிருகம் யார், எங்கே போனது, போன இடத்தில் என்ன செய்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இந்தப் பதிவு அந்தக் கூண்டைப் பற்றியது. நான் பி.காம் படித்த வங்கி ஆபீசர். எனக்கும் காட்டு மிருகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன்: இது பாதிக்கு மேல் கணக்கு வழக்கு சம்பந்தப்பட்ட விஷயம். எங்கள் தொழிலில் செய்தால் சஸ்பென்ட் ஆகும் அளவுக்கான காரியத்தை இந்த நாட்டில் பல வருடம் 'வனவிலங்கு மேலாண்மை' என்ற பெயரில் செய்துகொண்டிருந்தார்கள். அதையே மறுபடி செய்யச் சொல்லித்தான் இப்போதும் ஜனங்கள் கத்துகிறார்கள்.

(ஒரு சின்ன விளக்கம். நான் சொல்வது உடம்பெல்லாம் பூப்பூவாகப் புள்ளி போட்ட சிறுத்தை. மராட்டியில் பிபட்யா. நம்ம ஊர்ப் பேப்பர்கள் அவசரத்தில் 'புலி' என்று போட்டுவிட்டு மறுநாள் மாற்றிக்கொள்ளும். நமீபியாவிலிருந்து கொண்டுவந்தார்களே, அது வேறு, சிவிங்கிப்புலி.)

டோம்பிவிலிவாசிகளுக்கு இது தூரத்துச் சமாச்சாரம் இல்லை. 2022 நவம்பரில் கல்யாண் கிழக்கில் ஒரு குடியிருப்புக் கட்டடத்துக்குள் சிறுத்தை புகுந்து சிலரைக் காயப்படுத்தியது. டோம்பிவிலியிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன். அதற்கு முன்னால் 2019 பிப்ரவரியில் தானேயில் கோரம் மாலுக்குள் விடியற்காலையில் ஒன்று உலாத்திவிட்டுப் போனது கேமராவில் பதிவானது. பக்கத்து ஓட்டலில் வைத்து மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். வெயில் அடிக்கும் நாளில் எங்கள் பக்கத்து மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலங்கட் மலை தெரியும். "அந்த மலையைச் சுற்றிக் கூண்டு வைக்கலாமே" என்று படித்த மனிதர், அதுவும் இஞ்சினியர், என்னிடம் சீரியஸாகச் சொன்னார். ரயில்வே லெவல் கிராஸிங்குக்கு கேட் போடுவது மாதிரி நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கூண்டு என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள ஜுன்னருக்குப் போக வேண்டும். புனே மாவட்டத்தின் வடக்கு மூலை. மால்ஷேஜ் காட் ஏறினால் அந்தப் பக்கம் ஜுன்னர்தான். அணைகள் கட்டி வாய்க்கால் வந்ததும் அந்த வறண்ட பூமி கரும்புக்காடாக மாறியது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து பல மாதம் அப்படியே நிற்கும் கரும்பு, பக்கத்திலேயே தண்ணீர், ஊரைச் சுற்றி நாய், பன்றி, ஆடு. சிறுத்தைக்கு வேறென்ன வேண்டும்? கரும்புக்குள்ளேயே குட்டி போட்டுக் குடும்பம் நடத்த ஆரம்பித்தன. அந்தக் குட்டிகளில் பல, காடு என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

2001-இல் அங்கே வனத்துறை பெரிய அளவில் கூண்டு வைத்துப் பிடிக்க ஆரம்பித்தது. நல்ல எண்ணம்தான். ஊருக்குள் இருக்கும் சிறுத்தையைப் பிடித்துப் பக்கத்துக் காடுகளில் கொண்டு விடுவது, அவ்வளவுதான் திட்டம். அதற்கு முன்னால் 1993 முதல் 2001 வரை அந்தப் பகுதியில் மனிதர் மீதான தாக்குதல் வருடத்துக்குச் சராசரி 4. பிடித்து விட ஆரம்பித்த பிறகு, 2001-லிருந்து 2003 வரை, வருடத்துக்கு 17. தாக்குதல்களில் உயிர்ப்பலியில் முடிந்தவை முன்பு 18 சதவீதம், பின்பு 36 சதவீதம். வித்யா ஆத்ரேயாவும் கூட வேலை செய்தவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து 2011-இல் 'கன்சர்வேஷன் பயாலஜி' என்ற ஆய்விதழில் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த 29 சிறுத்தைகளைச் சராசரியாக 39.5 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். நாற்பது கிலோமீட்டர் என்றால் டோம்பிவிலியிலிருந்து தாதர் தூரம், அவ்வளவே. தினம் காலையிலும் மாலையிலும் லட்சக்கணக்கான பேர் தொங்கிக்கொண்டு போய்வருகிற தூரம்.

மருந்து கொடுத்த பிறகு வியாதி நான்கு மடங்கானால் டாக்டரை என்ன சொல்வோம்? இங்கே என்ன சொன்னார்கள் தெரியுமா? இன்னும் கூண்டு வேண்டும் என்றார்கள்.

இது ஏன் நடந்தது என்று புரிந்துகொள்ள விலங்கியல் பட்டம் தேவையில்லை. சிறுத்தை தனிக்கட்டை, தனக்கென்று எல்லை வைத்துக்கொண்டு வாழ்வது. எந்தப் பாதையில் எத்தனை மணிக்கு ஆள் நடமாட்டம், எந்த வீட்டு நாய் கட்டப்பட்டிருக்கும், எந்தப் பாலத்துக்கு அடியில் பகலில் படுக்கலாம் என்று அதற்கு ஊர் மொத்தமும் அத்துப்படி. மனிதனைத் தவிர்ப்பதே அதன் பிழைப்பு. அதைக் கூண்டில் அடைத்து, இரும்புக் கம்பியைக் கடித்துக் கோரைப்பல் உடைந்து, நூறு பேர் சுற்றி நின்று கத்திக் கல்லெறிந்து, லாரியில் ஏற்றித் தெரியாத இடத்தில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? அங்கே ஏற்கெனவே ஒரு சிறுத்தை குடியிருக்கும், அது அடித்து விரட்டும். இது பழைய இடத்துக்கு வழி தேடி நடக்க ஆரம்பிக்கும். வழியெல்லாம் புது ஊர், புது மனிதர்கள். இந்தப் பக்கம் காலியான இடத்துக்கு ஊர் வழக்கம் தெரியாத இளவட்டம் ஒன்று வந்து உட்காரும். ஒரு பிரச்சினை இரண்டாகிவிட்டது.

எங்கள் பாஷையில் சொன்னால் இது வாராக்கடனைப் பக்கத்துக் கிளைக்கு மாற்றி எழுதுவது. என் கிளையின் புத்தகம் சுத்தமாகிவிடும். மேனேஜர் பிரமோஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கடன் அப்படியே இருக்கும், வட்டியோடு. வங்கித் துறையில் இந்தக் கூத்தை 2015-இல் ரிசர்வ் வங்கி கணக்குகளைத் தோண்டிப் பார்த்து வெளியே கொண்டுவந்தது. சிறுத்தைக்கு ரிசர்வ் வங்கி கிடையாது. வாயும் கிடையாது.

மும்பையே இதை அனுபவித்த ஊர்தான். ஒரு பக்கம் போரிவிலி, கோரேகாவ், இன்னொரு பக்கம் முலுண்டு, தானே. நடுவில் 104 சதுர கிலோமீட்டரில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. இரண்டாயிரங்களின் ஆரம்பத்தில் அதைச் சுற்றிப் பிடிபட்ட சிறுத்தைகளை அதற்குள்ளேயே கொண்டு விட்டுக்கொண்டிருந்தார்கள். 2004 ஜூன் மாதம் ஒன்றில் மட்டும் சுமார் பத்துப் பேர் செத்தார்கள். அந்த மாதம் மும்பையில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பவாயில், முலுண்டில் குழந்தைகளைக் கீழே விளையாட விடமாட்டார்கள். அப்போது நடந்த வைத்தியம் என்ன? இன்னும் கூண்டு. அப்புறம், சிறுத்தைகள் பசி தாங்காமல் வெளியே வருவதாக முடிவு கட்டிப் பூங்காவுக்குள் பன்றியையும் முயலையும் அவிழ்த்து விட்டார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

21 வருடம் கழித்து, 2025 அக்டோபர் நவம்பரில், அதே ஜுன்னர் வனக்கோட்டத்தில் ஷிரூர் தாலுகா பிம்பர்கேட் பக்கம் சில வாரங்களுக்குள் மூன்று பேரைச் சிறுத்தை கொன்றது. இரண்டு பேர் குழந்தைகள், ஒருவர் கிழவி. ஜனங்கள் கொதித்துப்போய் நெடுஞ்சாலையை மறித்தார்கள். கொதித்ததில் தப்பே இல்லை. கடைசியில் ஒரு சிறுத்தை சுட்டுக் கொல்லப்பட்டது. அடுத்து வந்த யோசனைகளைப் பாருங்கள். ஐம்பது சிறுத்தைகளைப் பிடித்து குஜராத்தில் இருக்கும் வனதாராவுக்கு அனுப்பலாம் என்றார்கள். டிசம்பரில் நாக்பூர் சட்டசபைக் கூட்டத்தொடரின்போது வனத்துறை அமைச்சர், நஷ்ட ஈடாகக் கோடி ரூபாய் கொடுப்பதற்குப் பதில் அந்தப் பணத்துக்கு ஆடு வாங்கிக் காட்டில் விடலாம் என்றார். பன்றி, முயல் போய் ஆடு வந்திருக்கிறது. முன்னேற்றம்தான். காட்டில் விட்ட ஆட்டை, கரும்பில் பிறந்து வளர்ந்த சிறுத்தை எதற்காகத் தேடிப் போக வேண்டும் என்று யாராவது கேட்டார்களா தெரியவில்லை.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஆட்களையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். "காட்டை நாம் ஆக்கிரமித்தோம், அதனால்தான் அவை வருகின்றன" என்று ஒரு வரியை எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டுப் போகும் பிராணிநேசர்கள். ஆரே காலனிக்கு அது பொருந்தும். 2019 அக்டோபரில் மெட்ரோ கார் ஷெட்டுக்காக ராத்திரியோடு ராத்திரியாக இரண்டாயிரத்துக்கு மேல் மரங்களை வெட்டிய ஊர் இது. ஆனால் ஜுன்னரிலும் அகோலேயிலும் யாரும் எந்தக் காட்டையும் நேற்று ஆக்கிரமிக்கவில்லை, அது காலங்காலமாக விவசாய பூமி. அகோலே பள்ளத்தாக்கில் ஆத்ரேயா குழு கேமரா வைத்து எண்ணியபோது, சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழும் இடத்தில் 100 சதுர கிலோமீட்டருக்கு ஐந்து சிறுத்தை அளவில் இருந்தன. காப்புக்காடு ஒரு சென்ட் கூட இல்லாத இடம். அங்கே போய் "உன் வீட்டுக்கு நீ போ" என்று சிறுத்தையிடம் சொன்னால், "இதுதான் என் வீடு" என்று சொல்லும். ஆட்டைப் பறிகொடுத்த குடியானவனிடம் போய் "நீ ஆக்கிரமிப்பாளன்" என்று சொன்னால் அவன் அடிக்க வருவான், அடிக்கத்தான் வேண்டும்.

ஆக, 'காடு - ஊர்' என்று இரண்டு பத்தி போட்டு, சிறுத்தையை ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்கு மாற்றுவது கணக்கே இல்லை. பிறகு எது கணக்கு?

எந்த மிருகம்? எங்கே? எப்போது? என்ன செய்தது? இந்த நாலு கேள்விக்கும் தனித்தனியாக, மிருகவாரியாகப் பதிவு வேண்டும். அவ்வளவுதான். நாங்கள் ஒரு சேமிப்புக் கணக்கு திறக்கவே ஆதார், பான், போட்டோ என்று உயிரை வாங்குகிறோம். சிறுத்தைக்கும் கேஒய்சி உண்டு, உடம்பிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. ஒரு சிறுத்தையின் புள்ளி வரிசை மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது. இடது விலாவும் வலது விலாவும் கூட வேறு வேறு. அதனால்தான் காட்டுப் பாதையில் இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கேமரா வைப்பார்கள். உடம்புச் சூட்டில் தானாகப் படம் எடுக்கும் கேமரா. இப்படி எண்ணித்தான் நிகித் சுர்வே 2015-இல் சஞ்சய் காந்தி பூங்காவையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து 35 சிறுத்தைகள் என்று கணக்குக் கொடுத்தார். 2018 கணக்கில் 47. ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறது, படம் இருக்கிறது. எச்சத்தைப் பொறுக்கி அதில் இருக்கும் மயிரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சாப்பாட்டு விவரம் கிடைக்கும். அங்கே சிறுத்தை சாப்பாட்டில் ஏறக்குறைய கால் பங்கு தெருநாய். இதை வைத்து 2018-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வேறு வந்தது: இந்தச் சிறுத்தைகள் வருடத்துக்கு 1,500 நாய்கள் வரை தின்பதால் ஆயிரம் நாய்க்கடிகளும் அவற்றால் வரக்கூடிய ரேபீஸும் மிச்சமாகலாம் என்று. மாநகராட்சி செய்ய வேண்டிய வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்க்கிறது!

பிடித்தால் வாலடியில் அரிசி அளவு மைக்ரோசிப் ஏற்றலாம். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டலாம், அது இருக்கும் இடத்தை வேளாவேளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து நமக்குக் கொடுத்த ஒரு ஆளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் சென்ட்ரல் லைன்காரர்.

பெயர் ஆஜோபா. மராட்டியில் தாத்தா. 2009-இல் அகமத்நகர் மாவட்டம் (2024 முதல் அகில்யாநகர்) டாக்ளி டோகேஷ்வரில் கிணற்றில் விழுந்து கிடந்தது. தூக்கிப் பட்டையும் சிப்பும் போட்டு மால்ஷேஜ் காட்டில் விட்டார்கள். வந்த வழியே திரும்பிப் போகும் என்றுதான் எதிர்பார்ப்பு. தாத்தா மேற்கே திரும்பினார். ஒரு மாதத்துக்குள் சுமார் 120 கிலோமீட்டர். கசாரா ஸ்டேஷன் பக்கம் தண்டவாளம் தாண்டி, நெடுஞ்சாலை தாண்டி, வயல், தொழிற்பேட்டை எல்லாம் கடந்து, வசாய் கழியை நீந்தி மும்பைக்கே வந்துவிட்டார். பகலில் படுப்பது, ராத்திரி நடப்பது. வழியில் எத்தனை கிராமம், எத்தனை ஆயிரம் மனிதர்! ஒருவர் மேல் நகம் படவில்லை. பட்டை மட்டும் இல்லை என்றால் அவர் போனது யாருக்குமே தெரிந்திருக்காது. கசாரா லோக்கலில் சீட்டு கிடைக்காமல் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொள்ளும் நம்மைவிட நாகரிகமான பிரயாணி. 2011 டிசம்பரில் மும்பை - அகமதாபாத் நெடுஞ்சாலையில் வண்டி அடித்துச் செத்துக் கிடந்தபோது, சிப்பை வைத்துத்தான் ஆஜோபா என்று கண்டுபிடித்தார்கள். 2014-இல் ஊர்மிளா மாதோண்ட்கர் நடித்து அதே பெயரில் மராட்டிப் படம் கூட வந்தது.

யோசித்துப் பாருங்கள். இந்தப் பதிவேடு இல்லாவிட்டால், வழியில் ஏதாவது ஒரு ஊரில் ஒரு ஆள் பார்த்துக் கத்தியிருந்தால், அங்கே ஒரு கூண்டு வைத்திருப்பார்கள். கூண்டில் எது மாட்டியிருக்கும்? ஆஜோபாவா? அந்த ஊரில் பத்து வருடமாக நாய் தின்று பிழைத்துக்கொண்டிருந்த அப்பாவியா? கூண்டுக்குள் கட்டிய ஆட்டுக்கு யார் பசி தெரியும்? முதலில் வருவது மாட்டும். குற்றம் செய்தவனைப் பிடிக்கச் சொன்னால் முதலில் வந்த பஸ்ஸில் இருந்த ஆளைப் பிடித்துக் கொடுப்பது மாதிரி.

அமெரிக்காவில் சிறுத்தைக்குப் பதில் கூகர். மலைச்சிங்கம் என்றும் சொல்வார்கள், புள்ளி கிடையாது. அங்கேயும் இதே கதை வேறு ரூபத்தில் நடந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் கூகர் புகார் அதிகமானதும் வேட்டைக்கு அதிகம் அனுமதி கொடுத்தார்கள். 2013-இல் வந்த ஆய்வு, எங்கே அதிகம் சுட்டார்களோ அங்கே அடுத்த வருடம் புகாரும் கால்நடை இழப்பும் ஏறின என்று காட்டியது. காரணம் ஜுன்னர் காரணம்தான்: வயசான ஆணைத் தூக்கினால் பொடிப்பயல்கள் நுழையும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் மும்பைக்குப் பங்காளி மாதிரி. ஊருக்கு நடுவில், கிரிஃபித் பார்க்கில், பி-22 என்ற கூகர் 2012 முதல் பத்து வருடம் கழுத்துப் பட்டையோடு வாழ்ந்தது. 2022 டிசம்பரில் உடம்பு தேறாத நிலையில் மருந்து கொடுத்து முடித்து வைத்தார்கள். அந்த வருடமே பத்து வழிச் சாலைக்கு மேல் மிருகங்கள் கடக்கப் பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். அவர்கள் ஒன்றும் அகிம்சாமூர்த்திகள் இல்லை. 2024 மார்ச்சில் ஒரு வாலிபரைக் கூகர் கொன்றபோது - கலிஃபோர்னியாவில் 20 வருடத்தில் முதல் சாவு - அந்த மிருகத்தைத் தேடிப் பிடித்து அன்றே கொன்றார்கள். தாக்குதல் என்று வந்தால் காயத்தில் இருக்கும் எச்சிலை எடுத்து டிஎன்ஏ ஒப்பிடும் வழக்கம் அங்கே இருக்கிறது. கொன்றது இதுதானா என்று கேட்கிறார்கள். நான் கேட்பதும் அதைத்தான்.

ஏனென்றால் மனிதனைக் குறிவைத்துக் கொல்லும் சிறுத்தை வெளியே இருக்கக் கூடாது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பிடித்தால் திரும்ப எங்கேயும் விடவே கூடாது, பிடிக்க முடியாவிட்டால் சுடத்தான் வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 11-ஆம் பிரிவு அதற்கு வழி கொடுக்கிறது. மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணத்தை எழுத்தில் வைத்து உத்தரவு போட வேண்டும். அவ்வளவு பெரிய ஆளின் கையெழுத்து கேட்பதே, 'எது' என்று உறுதி செய்துகொள்ளத்தானே? மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளும் பார்த்த இடத்தில் எல்லாம் கூண்டு வைக்காதே, பிடித்து வேறிடத்தில் விடாதே, கூட்டத்தைக் கட்டுப்படுத்து, நஷ்ட ஈட்டை உடனே கொடு என்றுதான் சொல்கின்றன. தாள் நன்றாகத்தான் இருக்கிறது.

தாளை நடைமுறைக்குக் கொண்டுவர முடியும் என்று காட்டியதும் இதே மும்பைதான். 2011-இல் சஞ்சய் காந்தி பூங்காவின் இயக்குநர் சுனில் லிமயே காலத்தில் 'மும்பைக்கர்ஸ் ஃபார் எஸ்ஜிஎன்பி' என்ற முயற்சி ஆரம்பித்தது. வனத்துறை, ஆராய்ச்சியாளர்கள், போலீஸ், பத்திரிகைக்காரர்கள், பூங்காவைச் சுற்றியிருக்கும் சொசைட்டிகள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். நிருபர்களிடம் 'ஆட்கொல்லி' என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு போன் போடச் சொன்னார்கள். குப்பையை அள்ளு, குப்பை போனால் நாய் போகும், நாய் போனால் சிறுத்தை உள்ளே வர வேலை இல்லை என்று வீடு வீடாகச் சொன்னார்கள். 2013-க்குப் பிறகு சில வருடம் தாக்குதல் ஏறக்குறைய நின்றே போனது. சிறுத்தை எண்ணிக்கை குறையவில்லை என்பதை மேலே சொன்ன 35, 47 கணக்கிலேயே பார்த்தீர்கள்.

பிறகு ஆரேயில் மறுபடி ஆரம்பித்தது. 2017-இல் ஒரு குழந்தை. 2021-இல் வரிசையாகத் தாக்குதல்கள். வாக்கிங் ஸ்டிக்கால் சிறுத்தையை அடித்து விரட்டிய அந்த அம்மாள் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பதிவில் இருந்த படங்களோடு ஒப்பிட்டு எது என்று தேடினார்கள், சரிதான். 2022 தீபாவளி அன்று விடிகாலையில் ஒன்றரை வயசு கூட ஆகாத குழந்தை.

யார் குழந்தைகள் என்று பாருங்கள். என் கோபமே இங்கேதான். கோரம் மாலில் ஷாப்பிங் செய்பவர் குழந்தை இல்லை. ஆரேயில் தெருவிளக்கு இல்லாத பாடாக்கள், குடிசைகள். வீட்டுக்குள் கழிப்பறை இல்லாமல் இருட்டில் புதர் பக்கம் ஒதுங்குபவர்கள். நம்ம ஊரிலும் அதே கதைதான். 2024 ஜனவரியில் பந்தலூரில் தாயோடு நடந்து வந்த மூன்று வயசுக் குழந்தை, ஜார்க்கண்டிலிருந்து தேயிலை பறிக்க வந்த குடும்பம். மறுநாள் மயக்க ஊசி போட்டுப் பிடித்து வண்டலூருக்கு அனுப்பினார்கள். 2025 ஜூனில் வால்பாறை பச்சைமலை எஸ்டேட்டில் நாலு வயசுக் குழந்தை, அதுவும் ஜார்க்கண்ட் குடும்பம். லைன் வீட்டு வாசலில் புதர் மண்டிக் கிடந்தால், சாயங்காலம் ஆறு மணிக்குக் குந்தி விளையாடும் குழந்தையின் உயரம் சிறுத்தைக்கு நாய் உயரம். பாஷை தெரியாத ஊரில் வேலைக்கு வந்தவனுக்கு "இங்கே சிறுத்தை உண்டு, புள்ளையை அந்தியில் வெளியே விடாதே" என்று சொல்ல ஆள் இல்லை. நானும் வேலைக்காக ஊர் விட்டு வந்தவன்தான். எனக்கு ஏழாவது மாடி, வாட்ச்மேன், விளக்கு எல்லாம் இருக்கிறது.

கூண்டு விலை, லாரி வாடகை, ராத்திரி காவல், மயக்க மருந்து, பிடித்ததை ஆயுசுக்கும் வைத்துச் சோறு போடும் செலவு எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதுங்கள். பத்து பாடாவுக்குத் தெருவிளக்கும் கழிப்பறையும் போட, எஸ்டேட் லைன் சுற்றி முப்பதடிக்குப் புதர் வெட்ட ஆகும் செலவை இன்னொரு பக்கம் எழுதுங்கள். எந்த மேனேஜரும் எதற்கு லோன் கொடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூண்டைப் போட்டோ பிடிக்கலாம். புதர் வெட்டியதை யார் டிவியில் காட்டுவார்கள்?

நஷ்ட ஈடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது என் டிபார்ட்மென்ட். மகாராஷ்டிராவில் வனவிலங்கு தாக்கி உயிர் போனால் இப்போது 25 லட்சம். ஒரு பங்கு உடனே செக், மீதி வாரிசு பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் வாரிசுச் சான்றிதழ், கணக்குப் புத்தகம், பெயரில் எழுத்து மாறாத ஆதார் என்று ஒரு மூட்டைக் காகிதம் கேட்கும்போது, பாடாவில் இருப்பவர்கள் கவுன்டருக்கு வெளியே எத்தனை நாள் நிற்பார்கள் என்று இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். ஆடு செத்தால் இன்னும் மோசம். பஞ்சநாமா எழுத ஆள் வருவதற்குள் ஆடு நாறிவிடும். பணம் வராத ஆட்டுக்காரன் அடுத்த தடவை செத்த ஆட்டில் விஷத்தைத் தடவி வைப்பான். அதையும் 'மோதல்' என்று பேப்பரில் எழுதுவார்கள்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கமும் கூண்டு மோகம் வந்துவிட்டது. 2024 மே மாதம் பாபநாசம் அடிவாரத்தில் வேம்பையாபுரம், அனவன்குடிப் பக்கம் ஆட்டையும் நாயையும் தூக்கியதற்குக் கூண்டு வைத்துப் பிடித்து மலைக்குள் கொண்டு விட்டார்கள். ஊரில் ஒரே சந்தோஷம். சித்தப்பா போன் போட்டு, "புடிச்சாச்சுடே" என்றார். ஒன்றுக்கு மேல் மாட்டியது ஏன், எது ஆட்டைத் தூக்கியது, கொண்டு விட்டவற்றுக்கு அடையாளம் ஏதாவது வைத்தார்களா என்று கேட்டேன். "நீ பாங்குல உக்காந்து எல்லாத்தையும் கணக்கு பாரு" என்று வைத்துவிட்டார். வார்லிகள் வாக்தேவனுக்கு, அதாவது வாகோபாவுக்கு, கல் நட்டுக் கும்பிட்டு வருஷம் ஒரு கோழி கொடுத்துக் கூடவே வாழ்ந்திருக்கிறார்கள். தானே, பால்கர் பக்கம் அந்தக் கோயில்கள் நூற்றுக்கு மேல் எண்ணப்பட்டிருக்கின்றன. சித்தப்பாவிடம் அதையும் சொல்லலாம் என்றிருந்தேன், லைன் கட்.

கல்யாண், டோம்பிவிலி, அம்பர்நாத் பக்கம் இருப்பவர்கள் 1926 என்ற எண்ணைப் போனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிர வனத்துறையின் கட்டணமில்லா எண். சிறுத்தையைப் பார்த்தால் மணி, இடம், எந்தத் திசையில் போனது, குட்டி கூட இருந்ததா என்று சொல்லுங்கள். கேமராவில் மாட்டியிருந்தால் விலா தெரியும் படத்தை வாட்ஸப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பாமல் ரேஞ்ச் ஆபீசுக்கு மட்டும் அனுப்புங்கள், இடதா வலதா என்று குறிப்பிட்டு. அது பூங்காவின் பதிவில் இருக்கும் பழைய ஆளா, மலங்கட்டிலிருந்து வந்த புது ஆளா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கூண்டு எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள்.